தொரைக்கு ஈரம் ஆகாது

மயிலம்மா செருப்பைக் கழற்றி மதிலோரம் வைத்துவிட்டு, புல்வெளியில் வெறுங்காலோடு வரிசை வரிசையாக நடந்துகொண்டிருக்கிறாள். கண்ணுக்குத் தப்புவது அவளுடைய உள்ளங்காலுக்குத் தப்பாது. ஏதாவது தட்டுப்பட்டால் குனிந்து பொறுக்கி, இடுப்பில் அணைத்திருக்கும் பழைய தயிர்ச் சட்டிக்குள் போடுகிறாள். கூழாங்கல், சோடா மூடி, மாமரத்துச் சுள்ளி, எந்தப் பிள்ளையுடையதோ ஒரு பிளாஸ்டிக் காரின் சக்கரம், மேல்மாடிகளிலிருந்து விழுந்த துணிக் கிளிப்புகள். கிளிப்பின் நிறத்தைப் பார்த்தே அது எந்த வீட்டுக் கொடியிலிருந்து விழுந்தது என்று சொல்லிவிடுவாள். "பச்சை, மூணாம் மாடி மிஸ்ஸோடது. ஊதா, ரெண்டாம் மாடி. அந்த வூட்டுல துணி காயுதோ இல்லியோ, கிளிப்பு மட்டும் தெனம் கீழ எறங்கிடும்."

இவ்வளவு பொறுக்கலும் எதற்கென்றால், தொரை வரப்போகிறார்.

"தொரைக்குக் கல்லு ஆகாது. குச்சி ஆகாது. ஈரம் ஆகவே ஆகாது. புல்லு கொஞ்சம் ஒசந்திருந்தா கோவிச்சுக்கிட்டு அப்படியே நின்னுடுவாரு. எல்லாத்தையும் நாம கூட்டி, பொறுக்கி, காய வச்சுக் குடுத்தாத்தான் எழுந்தருளுவாரு. அதுவும் சொந்தக் கால்லயா? நாமதான் தள்ளணும்."

தொரை என்பது ஒரு புல் வெட்டும் மெஷின். இரண்டு சக்கரம், நடுவே உருளையாகச் சுழலும் முறுக்கிய கத்திகள், பின்னால் ஒரு நீண்ட கைப்பிடி. மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. தள்ளினால் சக்கரம் உருளும், சக்கரம் உருண்டால் கத்தி சுழலும், தள்ளுவதை நிறுத்தினால் எல்லாம் நிற்கும். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்த மயிலம்மாவுக்கு இதைக் கண்ட முதல் நாளே பெயர் வாயில் வந்துவிட்டது. வெள்ளைக்காரன் கப்பலேறி எத்தனையோ காலமாகியும் தோட்டத்து முகாமையாளரைத் தொரை என்றுதான் அங்கே இன்னும் சொல்கிறார்கள்.

ஹெவ்லொக் டவுனில், பிரதான வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது அந்த நாலு மாடித் தொடர்மாடி. கட்டடத்தின் பின்பக்கம் கொழும்பில் இன்னும் மிச்சமிருக்கிற ஆச்சரியங்களில் ஒன்றாக ஒரு புல்வெளி. மயிலம்மா ஜிந்துப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி விடியக் காலையில் வந்துவிடுவாள். படிக்கட்டு கூட்டுவது, குப்பைத் தொட்டிகளை வாசலுக்கு இழுப்பது, பிறகு புல்வெளி. சீத்தைத் துணிப் பாவாடைக்கு மேல் ஏதோ பாடசாலை விளையாட்டுப் போட்டியின் மஞ்சள் டீ-சேர்ட், தலையில் கிரிக்கெட் தொப்பி. வந்ததும் படிக்கட்டின் கீழ் படுத்திருக்கும் மெஷினைக் காலால் லேசாகத் தட்டி, "குட் மோர்னிங் தொரை" என்பாள். அதற்கு மேல் அன்றைக்கு அவருக்குக் கிடைப்பதெல்லாம் வசவுதான். ஆனால் ஒருமை வராது. "மூதேவி, நகருங்களேன்" என்று மரியாதையோடுதான் திட்டுவாள்.

தொரையின் குணங்களில் அவளுக்குச் சிரிப்பு மூட்டுவது கோரைப்புல் விவகாரம். மலேசியன் புல் என்று விலை கொடுத்து வாங்கிப் பதித்த தரையில், அழையாத விருந்தாளியாக வந்து கோரை குடியேறியிருக்கிறது. நெட்டையாக, கம்பிபோல நிற்கும். மெஷின் அதன் மேல் ஏறும்போது கத்திக்கு அகப்படாமல் வளைந்து படுக்கும். மெஷின் கடந்ததும் மெல்ல எழும்பி நிற்கும்.

"பாருங்க, பாருங்க" என்று மயிலம்மா தள்ளுவதை நிறுத்திவிட்டுக் காட்டுவாள். "தொரை வாறப்ப எல்லாம் குனிஞ்சு சலாம் போடுது. அங்கிட்டுப் போனதும் நிமிந்துக்குது. எங்க தோட்டத்து ஆளுங்களேதான்!"

குனிந்து எழுந்த கோரையைப் பிறகு அவள் குந்தியிருந்து கத்தியால் அறுக்க வேண்டும். மதிலோரமும் அப்படித்தான், சக்கரம் இடிப்பதால் ஒரு சாண் அகலத்துக்குக் கத்தி எட்டாது. வெட்டிய புல் பின்னால் பறந்து பாவாடையெல்லாம் ஒட்டும். ஒரே இடத்தை நீளவாக்கில் ஒருமுறை, குறுக்குவாக்கில் ஒருமுறை தள்ளாவிட்டால் தரை, தூங்கிக்கொண்டே சிரைத்த நாவிதரின் வேலைபோலத் திட்டுத் திட்டாக நிற்கும். மழை நாளில் ஈரப்புல் கத்தியில் சுற்றி அடைத்துக்கொள்ளும், தள்ளவே முடியாது. காயட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் புல் வளர்ந்துவிடும். வளர்ந்த புல்லைத் தொரை தொடமாட்டார்.

ஒருமுறை கத்தி மழுங்கிவிட்டது. வெள்ளவத்தையில் சாணை பிடிப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு மெஷினோடு பஸ்ஸுக்கு நின்றாள். நடத்துநன் பார்த்துவிட்டு, "அம்மே, இவருக்கும் டிக்கெட் எடுக்க வேணும்" என்று சிங்களத்தில் பகிடி விட்டான். "எடுக்கிறேன் மல்லி, ஆனா இவரு நின்னுக்கிட்டு வரமாட்டாரு, சீட்டு குடு" என்று இவளும் அவனைத் தம்பியாக்கிச் சிங்களத்திலேயே திருப்பிக் கொடுத்தாள். பஸ் சிரித்துக்கொண்டே அவளை விட்டுவிட்டுப் போனது. நடைபாதையில் கடகடவென்று உருட்டிக்கொண்டே வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்ந்தாள். சாணைக்காரர் மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். முறுக்கிய கத்திக்குத் தன் கல் சரிவராது, நேரான கத்தி ஏதும் இருந்தால் கொண்டு வா என்றார். மறுபடியும் அதே நடைபாதை, அதே கடகட.

இந்தத் தொரை எப்படி வந்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். பெற்றோல் வரிசை வருடத்தை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். கார்கள் வீதியோரம் நாட்கணக்கில் நின்ற காலம். அதுவரை இந்தப் புல்லை இருளப்பன் என்பவன் தொடர்மாடியின் பெற்றோல் மெஷினால் வெட்டிக்கொண்டிருந்தான். தோளில் மாட்டும் பட்டி, நீண்ட குழாய், அதன் நுனியில் விர்ரென்று சுழலும் நைலோன் கயிறு. கோரையும் வணங்காது, மதிலோரமும் மிஞ்சாது. பெற்றோல் இல்லாமல் போனதும் அவன் கட்டாருக்குப் போனான். தொடர்மாடிக் குழுவினர் கூடி, புறக்கோட்டையில் ஒரு தள்ளு மெஷினை வாங்கிவந்து, படிக்கட்டு கூட்டிக்கொண்டிருந்த மயிலம்மாவிடம் கொடுத்தார்கள். அந்த நேரத்துக்கு அது நியாயமான ஏற்பாடுதான்.

பிறகு பெற்றோல் வந்தது. குழுத் தலைவரின் காருக்கு வந்தது. மூன்றாம் மாடி ஜீவராணி மிஸ்ஸின் காருக்கு வந்தது. சாப்பாடு கொண்டுவரும் பையன்களின் மோட்டார் சைக்கிள்களுக்கெல்லாம் வந்தது. வரிசை வருடம் நாட்டில் எல்லோருக்கும் முடிந்தது, மயிலம்மாவுக்கு மட்டும் முடியவில்லை. பெற்றோல் மெஷின் படிக்கட்டின் கீழ் உள்ள ஸ்டோர் அறையில் பூட்டிக் கிடந்தது. சாவி, குழுத் தலைவர் ஸாலிஹிடம்.

ஸாலிஹ் துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். பெருநாளைக்கு மயிலம்மாவுக்கென்று தனியாக வட்டிலப்பம் எடுத்து வைப்பார். மெஷின்கள் மேல் அவருக்குத் தனிப் பிரியம். பெற்றோல் மெஷின் கிடையில் கிடந்து பழுதாகக் கூடாது என்று மாதம் தவறாமல் அதை வெளியே எடுத்து, பெற்றோல் ஊற்றி, கயிற்றை இழுத்து, அது உறுமுவதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, துடைத்து, திரும்பவும் பூட்டிவிடுவார். ஒரு புல்கூட வெட்டமாட்டார். இதை மயிலம்மா தொரையின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் கேட்டேவிட்டாள். "சேர், அத ஏன் சும்மா கத்த விடுறீங்க? என் கையில குடுத்தா கத்துறதோட புல்லும் வெட்டிடுமே."

"அது பாரம் மயில். பொம்புளைகளுக்குச் சரிவராது."

"குப்பைத் தொட்டி அதவிடப் பாரங்க. அது பொம்பளைக்குச் சரிவருதே?"

ஸாலிஹ் கொஞ்சம் யோசித்தார். "பாரம் மட்டுமில்ல. அதுட நடுக்கம் கர்ப்பப்பைக்குக் கூடாதாம். ஆரோ டொக்டர் சொன்னதாமே."

எந்த டொக்டர், எந்த ஆஸ்பத்திரி, எந்த வருடம் என்று கேட்டால் இப்படிப்பட்ட டொக்டர்மார் ஒருபோதும் அகப்படமாட்டார்கள். பெண்ணுக்கு ஏதாவது மறுக்க வேண்டிய நேரத்தில் மட்டும் வந்து சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மயிலம்மா அவரைத் தேடப் போகவில்லை.

"கொழுந்துக் கூடையத் தலையில மாட்டிக்கிட்டு, வயித்துல புள்ளையோட மலை ஏறினேங்க. அப்ப ஒரு டொக்டரும் வந்து கர்ப்பப்பையப் பத்திக் கேக்கலீங்களே!"

ஸாலிஹ் சிரித்துவிட்டார். ஆனால் சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஜீவராணி மிஸ்ஸின் காரணம் வேறு. அவர் படித்தவர், உலகத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர். பல்கணியில் தேநீரோடு நின்று, "எவ்வளவு நல்ல மெஷின், மயிலம்மா! சத்தமில்லை, புகையில்லை. சுற்றாடலுக்கு நல்லதெல்லே" என்பார்.

மயிலம்மா தொப்பியை நிமிர்த்தி மேலே பார்ப்பாள். "ஆமாங்க மிஸ். ஏன் மிஸ், என் தோளு சுற்றாடல்ல சேத்தி இல்லீங்களா?"

மிஸ்ஸுக்குத் தேநீர் புரையேறிய காலை அது.

இந்த வைகாசியில் விஷயம் முற்றியது. ஸாலிஹின் மகள் நப்லாவுக்குச் சனிக்கிழமை கல்யாணம். நிக்காஹ் பள்ளிவாசலில், சாப்பாடு புல்வெளியில். ஹோட்டல் மண்டபம் பிடிப்போம் என்று பிள்ளைகள் சொன்னதை ஸாலிஹ் கேட்கவில்லை. பாய் விரித்து, ஆறு பேருக்கு ஒரு சஹன் வைத்து, எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவதுதான் விருந்து என்பது அவர் பிடிவாதம். அழகான பிடிவாதம். ஆனால் அதற்குத் தரை வழவழவென்று இருக்க வேண்டும். மழையோ கிழமை முழுக்கப் பெய்து, வியாழக்கிழமைதான் ஓய்ந்தது. புல் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. கோரை அதற்கும் மேலே.

வியாழன் பின்னேரம் ஸாலிஹ் வந்து புல்லைப் பார்த்தார். முகத்தில் கல்யாண வீட்டுத் தகப்பனின் கலக்கம். "மயில், நாளைக்கு அஸர் தொழுகைக்கு முந்தி முடியல்லெண்டா நான் கொம்பனியால ஆள் எடுப்பன். அவங்க ஒரு நாளைக்கெண்டு வரமாட்டாங்க, வருஷக் கொந்தராத்துத்தான் கேக்கிறாங்க. பொறகு புல்லு வேல அவங்களுக்குத்தான். என்னைக் குத்தம் சொல்லப்படாது."

"சாவியக் குடுத்தீங்கன்னா விடிஞ்சதும் முடிச்சிருவேங்க."

"அந்தக் கதைய விடுங்க."

புல் வேலை போனால் மிஞ்சுவது படிக்கட்டும் குப்பைத் தொட்டியும்தான். மகள் நிஷாந்தி கணினி வகுப்புக்குப் போய்வருவது இந்தப் புல்லின் புண்ணியத்தில். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் அன்று மயிலம்மா வெளியே பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒரு பெரிய பையோடு வந்தாள். பையைப் படிக்கட்டின் கீழ் வைத்துவிட்டு, தொரையை ஈரப்புல்லில் இறக்கித் தள்ளத் தொடங்கினாள். பத்தடி போவதற்குள் கத்தியில் புல் சுற்றி அடைத்தது. பிடுங்கி எறிந்துவிட்டுத் தள்ளினாள். மறுபடியும் அடைத்தது. கோரை எல்லாம் குனிந்து சலாம் போட்டு எழும்பின.

சாரத்தோடும் பனியனோடும் கீழ்த்தள வீட்டிலிருந்து வெளியே வந்த ஸாலிஹால் அதைச் சகிக்க முடியவில்லை. "நீங்க தள்ளுற முறை பிழை மயில். அமுக்கப்படாது. ஒரே வேகத்தில, நேராத் தள்ளணும்."

மயிலம்மா உடனே நிறுத்தினாள். முகத்தில் அப்படி ஒரு பணிவு. "அப்படீங்களா சேர்? யாரும் சொல்லித் தரலீங்களே. ஒருக்கா காட்டிட்டீங்கன்னா நானும் புடிச்சுக்குவேன்."

மெஷின் பிரியர் வேறென்ன செய்வார்? சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார். ஒரே வேகத்தில், நேராகத் தள்ளினார். ஆறேழு அடிக்கு எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. அதற்கப்பால் எங்கிருந்தோ ஒரு துணிக் கிளிப் கத்திக்குள் போய் மாட்ட, மெஷின் சட்டென்று நின்றது. ஸாலிஹ் நிற்கவில்லை. கைப்பிடி வயிற்றில் இடிக்க, "யா அல்லாஹ்" என்று அதன் மேல் மடிந்தார்.

"ஊதா கிளிப்பு. ரெண்டாம் மாடி" என்றாள் மயிலம்மா, கவலையோடு.

சத்தம் கேட்டு அவர் மனைவி பஹ்மியா கையில் மாவோடு குசினி வாசலுக்கு வந்தார். "என்னத்துக்கு இந்த வேல? வீட்டில தண்ணிப் போத்தல் தூக்காத மனிசன்."

"நீங்க சும்மா இரிங்க. நான் முறை காட்டுறன்."

"ஸாலிஹ் அண்ணை, கவனம், சறுக்கப்போகுது!" என்று மேலேயிருந்து ஜீவராணி மிஸ் கத்தினார். "நல்லா மூச்சு வாங்கிறியள். கொஞ்சம் இருந்திட்டுத் தள்ளுங்கோ."

"ஒண்டுமில்ல மிஸ். இது தேகத்துக்கு நல்லம்."

"சுற்றாடலுக்கும் நல்லதுங்க" என்றாள் மயிலம்மா. மிஸ் பல்கணியிலிருந்து உள்ளே போய்விட்டார்.

ஸாலிஹ் விடவில்லை. மாமரம் வரைக்கும் தள்ளினார். பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியது. கத்தியிலிருந்து புல்லைப் பிடுங்கினார், தள்ளினார், பிடுங்கினார். மாமரத்தடியில் நின்று, செய்த வேலையைத் திரும்பிப் பார்த்தார். அவர் வந்த பாதையில் கோரைகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஆறுதலாக, எழும்பிக்கொண்டிருந்தன.

பனியனின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இது... புல்லு ஈரம்" என்றார் கடைசியில்.

"ஆமாங்க. தொரைக்கு ஈரம் ஆகாது."

ஸாலிஹ் கைப்பிடியை மாமரத்தில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது உள்ளங்கையில் சாவி. "இண்டைக்கு மட்டும்" என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு.

"சரிங்க சேர். இன்னிக்கு மட்டும்."

சாவியை நூலோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு, கொண்டுவந்த பையைத் திறந்தாள். உள்ளே துறைமுகத்தில் மூட்டை இறக்கும் கணவன் சந்திரகுமாரின் கனத்த பூட்ஸ். ஒரு கண்ணாடியும் இருந்தது, கண்ணை முழுதாக மூடுகிற ரகம்.

ஸாலிஹ் பூட்ஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதெல்லாம் எப்பக் கொண்டு வந்தீங்க?"

"காலையிலயேங்க."

பட்டியைத் தோளில் மாட்டினாள். கயிற்றை இழுத்தாள். மெஷின் செருமிவிட்டு அடங்கியது. இன்னொருமுறை இழுத்தாள். இந்த முறை தொடர்மாடி முழுக்கக் கேட்க உறுமியது. கோரைக்கு வணங்க அவகாசம் கிடைக்கவில்லை, நின்ற நிலையிலேயே விழுந்தது. ஈரப் புல் பச்சைத் தூறலாகப் பறந்தது. மயிலம்மாவின் வாய் அசைந்துகொண்டேயிருந்தது. பாடுகிறாளா திட்டுகிறாளா என்று அந்தச் சத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை. இடுப்பை ஆட்டி வீசி வீசி மாமரத்தைச் சுற்றினாள், மதிலோரம் போனாள், குஷி தாங்காமல் குசினிப் பக்கம் திரும்பினாள். திரும்பிய வேகத்தில், குசினி வாசலில் பஹ்மியா கறி வாசத்துக்கென்று வருடக்கணக்காக வளர்த்த ரம்பைப் புதர் அடியோடு போயிற்று.

மெஷினை நிறுத்தினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். ரம்பை வாசம் கம்மென்று எழுந்தது, யாரோ பெரிய சட்டியில் இறைச்சிக் கறிக்குத் தாளித்ததுபோல.

"நோனா, ஒங்க ரம்பைக்கும் சேத்து மொட்டை அடிச்சிட்டேங்க" என்றாள், நாக்கைக் கடித்துக்கொண்டு.

ஸாலிஹ் காத்திருந்தவர்போல் முன்னே வந்தார். "பாத்தீங்களா? இதுக்குத்தான் சொன்னன். பொம்புளைட கையில மெஷின் குடுத்தா—"

"கொஞ்சம் நில்லுங்க" என்றார் பஹ்மியா. குனிந்து வெட்டுண்ட ரம்பையைக் கைநிறைய அள்ளிக்கொண்டே பேசினார். "முந்தி இருளப்பன் என்ட கறிவேப்பில மரத்தையே முறிச்சான். எலுமிச்சங் கண்டையும் முறிச்சான். அப்ப நீங்க ஆம்புளைட கையில மெஷின் குடுக்கப்படாதெண்டு சொன்னீங்களா? கவனமா வெட்டு தம்பி எண்டுதானே சொன்னீங்க?"

ஸாலிஹ் வாயைத் திறந்தார். நியாயமான கேள்விக்குப் பதில் இல்லாதபோது வாயை மூடிக்கொள்ளும் நாணயம் அவரிடம் உண்டு. அந்த அளவுக்கு எல்லாத் தலைவர்களும் இருந்துவிட்டால் நாட்டுக்கு எவ்வளவோ நிம்மதி.

"கவனமா வெட்டு மயில்" என்றார் பஹ்மியா. "ரம்பை முளைக்கும். நாளைக்கு இறைச்சி ஆணத்துக்கும் எடுக்கத்தான் இருந்தது, நல்லதாப் போச்சி." மயிலம்மா கண்ணாடியை இறக்கினாள்.

ஸாலிஹ் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தபோது வேலை முடிந்திருந்தது. அவர் தலைத் தொப்பியோடேயே புல்வெளிக்கு வந்தார். வீட்டிலிருந்து ஒரு பாயைக் கொண்டுவந்து நடுவில் விரித்து, அதன்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்தார். எதிரே சஹன் இருப்பதுபோல் கையை நீட்டிப் பார்த்தார். இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார், அந்தப் பக்கம் நகர்ந்தார். எங்கும் ஒரு கோரைக் கட்டையும் குத்தவில்லை.

"வழுவழெண்டு இரிக்கி" என்றார்.

எழுந்து பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பெற்றோல் மெஷினை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்த மயிலம்மாவைப் பார்த்து, சாவிக்காகக் கையை நீட்டினார். சாவி அவள் கழுத்தில், மஞ்சள் டீ-சேர்ட்டின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

மயிலம்மா நீட்டிய கையைப் பார்த்தாள். மாமரத்தடிக்குப் போனாள். அங்கே சாய்ந்திருந்த தொரையை உருட்டிக்கொண்டு வந்தாள். டீ-சேர்ட்டின் நுனியால் கைப்பிடியை நன்றாகத் துடைத்து, அந்தக் கைக்குள் வைத்தாள்.